சுண்டுவிரல்

எங்கள் தெருவில் ரேஷன் கடைக்குப் போனால் பாதிப்பேர் கட்டைவிரலை நீட்டவே மாட்டார்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எல்லாம் கிரானைட் பாலிஷ் வேலைக்குப் போகிறவர்கள். கல்லும் தண்ணீரும் சேர்ந்து ரேகையைத் தின்றுவிடும். அதனால் மெஷினுக்குப் பிடிக்கிற விரல் எதுவென்று ஆளாளுக்குத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் நாராயணப்பனுக்கு இடக்கைச் சுண்டுவிரல். ரேஷனுக்கும் அதுதான், போனுக்கும் அதுதான்.

அவர் போனைத் திறந்து தரச் சொல்கிறீர்கள். என்னால் முடியாது. ஏன் என்று சொல்ல அனிதாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அனிதா எங்கள் ஒரே பெண். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ் ஓட்டிய தளி ஊர்க்காரப் பையன் சென்னகிருஷ்ணனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். வேறு ஜாதி. இவருக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் திட்டவில்லை, கை நீட்டவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து அவள் பகலில் அசந்து தூங்கியபோது பாயருகே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்று பார்த்தேன். பெண்மேல் மனசு இளகிவிட்டது என்று நினைத்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவள் விரலை வைத்து அவள் போனைத் திறந்து, அவளே எழுதுவதுபோல் அந்தப் பையனுக்கு எழுதியிருக்கிறார். அவன் ஜாதியையும் அவனைப் பெற்றவளையும் சேர்த்து, வாயால் சொல்ல முடியாத வார்த்தைகள். அனுப்பியதை இவள் போனில் அழித்துவிட்டு, அவன் நம்பரையும் தடுத்துவிட்டார். மறுநாள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றவளைப் பார்த்து அந்தப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலே ரோஜாத் தோட்டத்துப் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்துப்போனாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவரே சொன்னார்.

"அவ போனை அவ விரலை வெச்சேதான் திறந்தேன். ஒருத்தனுக்காவது தெரிஞ்சுதா பாரு. மானம் தப்பிச்சுது."

நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். கழுத்தை நெரித்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அது சீக்கிரம் முடிந்துவிடும்.

பிறகு அவருக்கு வாதம் வந்தது. அது என் வேலை இல்லை. வலப்பக்கம் விழுந்து பேச்சும் போனது. இடக்கை மட்டும் லேசாக அசையும். காது கேட்கும், கண் தெரியும், சொல்வதெல்லாம் புரியும். பெரிய டாக்டர் என்னிடம் ஆறுதலாகப் பேசினார். எனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை, மேடம். சந்தோஷமாக இருந்தது.

அவர் போனைத் திறக்க அந்தச் சுண்டுவிரலைப் பிடித்தால் முதலில் கையை இறுக்கி மூடிக்கொள்வார். கைக்குழந்தையின் விரலைப் பிரிக்கிற மாதிரிதான், கஷ்டமில்லை. போன் அணைந்துவிட்டால் நம்பர் கேட்கும், அது எனக்குத் தெரியாது. அதனால் அவருக்குக் கஞ்சி தவறினாலும் போனுக்குச் சார்ஜ் தவறியதில்லை. எதையும் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். அவர் என் பெண்ணுக்குப் படித்துக் காட்டவில்லை.

கெலமங்கலத்திலிருக்கிற கொழுந்தனார் மாதேஸ்வரன் வாரம் தவறாமல் அண்ணனைப் பார்க்க வருவார். தம்பி என்றால் இவருக்கு உயிர். 'நான் கிடக்கிறதை வேடிக்கை பார்க்கத்தானே வர்ற, உன் பொண்டாட்டி நடத்தையைப் போய்ப் பாரு' என்று இவர் போனிலிருந்து அவருக்குப் போனது. பதறிப்போய் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, அண்ணன் ஏன் இப்படியெல்லாம் எழுதுறாரு?"

"எனக்கென்ன தெரியும் தம்பி. எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருக்காரு."

உள்ளேயிருந்து அவர் கத்துகிற சத்தம் கேட்டது. வார்த்தை வராது, வெறும் சத்தம்தான்.

"ரொம்பக் கோவமா இருக்காரு. இப்ப உள்ள போகாதீங்க" என்றேன்.

கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். பிறகு வரவில்லை. அஞ்செட்டி நாத்தனார் சாந்தம்மா, கூட வேலை பார்த்தவர்கள் என்று ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். அவரும் எல்லோருக்காகவும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். எதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று அவருக்காவது தெரியும். அனிதாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

கை கால் பயிற்சி கொடுக்க வந்த அம்மா கெட்டிக்காரி. "விடாம செஞ்சா பேச்சு திரும்பிரும்ங்க" என்று அவர் எதிரிலேயே சொன்னாள். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. 'பெங்களூருல வேற டாக்டரைப் பார்க்கிறோம், இனி வர வேண்டாம்' என்று மறுநாள் அவளுக்குப் போனது. மாத்திரையை நான் நிறுத்திவிட்டதாக உங்கள் டாக்டர் சொல்கிறார். அப்படி இல்லை. 'நாட்டு மருந்து எடுக்கிறேன், மாத்திரை வேண்டாம்' என்று மாத்திரை கொண்டுவரும் நர்ஸுக்கும் அவர் போனிலிருந்துதான் போனது. எழுதியது நான், மறைக்கவில்லை. மாத்திரை நின்றால் இரண்டாவது முறை வரும், வந்தால் பிழைக்க மாட்டார் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் காலையில் விரலை வைத்தேன், போன் திறக்கவில்லை. ஈரமாக இருக்கிறதோ என்று முந்தானையில் துடைத்து வைத்தேன். வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றடம் கொடுத்து மறுபடி வைத்தேன். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

கொலை என்கிறீர்கள். அந்தப் போனுக்குள் இருப்பதை நீங்கள் ஒருநாள் எப்படியும் எடுத்துவிடுவீர்கள். எடுத்துப் பாருங்கள். வராதே என்றதும் அவர், மாத்திரை வேண்டாம் என்றதும் அவர். எல்லாமே அவர் கை பட்டு நடந்ததுதான். சந்தேகமாக இருந்தால் என் விரலை வைத்துப் பாருங்கள், மேடம். திறக்காது.