கள்ளிக்காட்டுச் சிவப்பு

உச்சி வெயில். வெண்ணந்தூருக்கு மேற்கே கள்ளிக்காட்டு வண்டித்தடம்... ஈ காக்கை இல்லை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். இது நம் கைலாசத்தின் பெரியம்மா சென்னம்மாளுக்கு நடந்தது.

யுத்த காலம். கப்பலில் வரும் சாயம் நின்றுபோயிருந்தது. சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சாக அப்பியிருக்குமே ஒரு பூச்சி, அதை நசுக்கினால் ரத்தச் சிவப்பு வரும். தறிகளுக்கு நூல் பங்கிடும் வெள்ளைக்காரத் துரைக்கு அது வேண்டுமாம். வீட்டுக்கு ஒரு படி பூச்சி. தராத வீட்டுத் தறிக்கு நூல் கிடையாது என்றான் அவருடைய ஏஜெண்டு. படித்த திமிர் வேறு.

"இந்தக் கள்ளியே மெக்சிகோ சரக்கு. அங்க ஸ்பெயின்காரன் வந்து எறங்கினான், கூடவே அம்மையும் எறங்குச்சு. ஊர் ஊராச் செத்தாங்க. அப்பவும் விடலையே... மிச்ச சனத்துகிட்ட இதே பூச்சியை வரியா வாங்கினான். நீங்க என்ன, அவங்களைவிட ஒசத்தியா?"

சென்னம்மாள் சாயம் போடுகிறவள். வலக்கைச் சுண்டுவிரல் பாதிதான். சின்ன வயதில் செக்கில் மாட்டியது. தறியில் பாவு பாதியில் நிற்க, வயிற்றெரிச்சலோடு கள்ளிக்காட்டுக்குப் போனாள். கலயம் நிறையும் நேரம்...

சர்ர்... சர்ர்...

பக்கத்துப் புதரில் ஒரு பெண், மான் வாலைத் துடைப்பம்போலப் பிடித்துக் கள்ளியிலிருந்து பூச்சியை வழித்துக்கொண்டிருந்தாள். நம் பக்கத்தில் யாருக்கும் இல்லாத வழக்கம். முகமெல்லாம் பழுத்த அம்மை. சீழ் நாற்றம். கூடவே உப்புக்காற்று... கடல் எங்கே, வெண்ணந்தூர் எங்கே?

அம்மை போட்டவள் ஆத்தாள். பேர் கேட்கக் கூடாது. கேட்டதை இல்லை என்று சொல்லவும் கூடாது. அவள் கலயத்துக்குக் கை நீட்டினாள். சென்னம்மாள் கொடுத்துவிட்டாள்.

அவள் அதைத் தரையில் கவிழ்த்து மிதித்தாள்.

"ஏனாத்தா... என்ற தறிக்கு நூலு வராதே."

நிமிர்ந்தால் காடு முழுக்க ஆட்கள். ஆண், பெண், குழந்தை, எல்லா முகத்திலும் அம்மை. ஒவ்வொருவராகக் கலயத்தைக் கவிழ்த்தார்கள். சளக்... சளக்... அந்தப் பெண் சென்னம்மாளின் கையைப் பிடித்துச் சிவப்பில் அழுத்தினாள். ஐஸ் மாதிரி இருந்ததாம். பயம் அதோடு போய்விட்டது. கோபம்தான் மிச்சம்.

ஏஜெண்டு சந்தையில் நின்றிருந்தான். அவன் முன்னால் வெறுங்கலயத்தை வைத்தாள்.

"நூலை நீங்களே வெச்சுக்குங்க. பூச்சி தரமாட்டனுங்க."

அவன் சிரித்தான். "காலையில உன்ற தறியைப் பிரிச்சுடறேன்."

அன்று ராத்திரி அவள் வீட்டில்தான் படுத்திருந்தாள். புரண்டுகூடப் படுக்கவில்லை என்கிறாள் பக்கத்தில் படுத்த மருமகள்.

விடிந்தும் ஏஜெண்டின் பங்களா திறக்கவில்லை. உள்தாழ்ப்பாளை உடைத்துப் போனால், அவன் கட்டிலுக்கு அடியில். வெள்ளைச் சுவரெல்லாம் சிவப்புக் கைகள்... உத்தரம் வரைக்கும். குழந்தைக் கைகளும் இருந்தன. அன்றைக்கே வண்டி கட்டிப் போனவன் திரும்பவில்லை. அவன் அடைத்து வைத்திருந்த நூலை ஊரே பிரித்துக்கொண்டது.

எத்தனை சுண்ணாம்பு அடித்தும் கைகள் மறையவில்லை. கதவோரம் ஒரு வலக்கை... சுண்டுவிரல் பாதிதான்.

சென்னம்மாள் அந்தப் பங்களாப் படியை மிதித்ததே இல்லை. கேட்டதற்குத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமா சாமி... எல்லாருந்தானே போனோம்."