கண்ணாடியில் பதிந்த கை

மழையிலும் வெயிலிலும் மாறாத மலர்முகத்தவரே, மணியடித்ததும் மருந்தாய் ஒலிக்கும் மங்காக் குரலுக்கு உரியவரே, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் அணையா விளக்கே, பணி நிறைவு பெறும் எங்கள் பாசத்துக்குரிய அக்கா அவர்களே,

உங்கள் பெருமையைப் பாடுமுன் எங்கள் பெருமையைச் சொல்லிவிடுவதே முறை. இம்மடலை எழுதப் பணிக்கப்பட்டவன், எங்களுள் இளையவன், இவ்வையகத்தில் எதையும் நம்பாமல் எஞ்சியிருக்கும் கடைசி மனிதன். ஒரு கடிகாரம் காட்டும் நேரத்தை இன்னொரு கடிகாரத்தைக் கேட்டே ஏற்பவன். அத்தகைய சான்றோன் கையால் புகழப்படுவது உங்கள் பாக்கியம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

பணியில் சேர்ந்த நாள் முதல் நீங்கள் செய்துவந்தது ஒரு சின்னஞ்சிறு செயல். வண்டி வாசலைத் தாண்டும்போது சன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைப்பீர்கள். "ஏசப்பா, போறவங்களும் வரணும், அவங்க கூட்டிட்டு வர்றவங்களும் வரணும்" என்பீர்கள். ஒரு மூச்சில் முடிந்துவிடும். அடுத்த மணிக்கு ரிசீவர் கையில் இருக்கும்.

இளையவன் சும்மா இருப்பானா?

"என்னக்கா, மேல லைன் கெடைச்சுதா, இல்ல பிஸியா?"

"நீ மொதல்ல கீழ அடிக்கிற லைன எடு."

"இத்தனூண்டு ஜெபத்துக்கு டயர் பஞ்சராகாம இருக்குமா?"

"எங்கிட்ட இருக்குற விசுவாசம் கடுகளவுதான் தம்பி."

"கடுகு தாளிக்கத்தான்க்கா ஆகும்."

"அப்ப வாசம் வரும். பொறு."

வாசம் வந்ததை மறுப்பதற்கில்லை. முதலில் மாட்டிக்கொண்டவர் மெக்கானிக். வண்டியைத் தட்டி அனுப்புகையில் பானட்டின் மேல் கையைச் சற்றுக் கூடுதலாக வைத்தார். கேட்டதற்கு, "சூடு பாக்குறேன்" என்றார். அடுத்து, எல்லோராலும் சித்தப்பா என்றழைக்கப்படும் மூத்த ஓட்டுநர், சன்னலில் உங்கள் கை தெரியாமல் கியரைத் தொடாதவர் ஆனார். கண்ணாடி துடைக்கும் அம்மா அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு துடைக்கலானார்.

கடந்த மழைக்காலத்தின் அந்தப் பிற்பகலை மறப்போமா? நெஞ்சுவலிக்காரர் ஒருவரை ஏற்றி வந்த சித்தப்பா, ஆற்றுப் பாலத்தருகே வயர்லெஸ்ஸில் பேசியதோடு சரி. அதன்பின் வெறும் இரைச்சல். பாலத்தின் மேல் வெள்ளம் போகிறது என்று இன்னொரு வண்டி சொன்னது. அப்போது சித்தப்பாவின் மனைவியிடமிருந்து போன். அந்த ரிசீவரைத் தொட எங்களுள் எவருக்கும் துணிவில்லை. நீங்கள் எடுத்தீர்கள்.

"பொய் சொல்ல மாட்டேம்மா, இன்னும் தெரியல. தெரியுற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன். நீ பேசாட்டியும் பரவால்ல."

காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரில் சித்தியின் அழுகை. எதிரே வயர்லெஸ் இரைச்சல். கண்ணாடியில் உங்கள் கை. மெக்கானிக் வந்து பக்கத்தில் நின்று தம் கையையும் வைத்தார். சூடு பார்ப்பதாகச் சொல்லவில்லை. நம்பாதோர் திலகம் மட்டும் தன் இரு கைகளையும் பேன்ட் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தான்.

ஒருவழியாக இரைச்சல் விலகியது.

"அக்கா, பாலம் முங்கிருச்சு. மேட்டு ரோட்டுல சுத்தி, ஆஸ்பத்திரி வந்து சேந்துட்டோம். பெரியவரு டீ கேக்குறாரு. குடுக்கலாமா?"

"குடுக்கக் கூடாது," என்று அலுவல் முறைப்படி பதில் சொல்லிவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்து அழுதீர்கள். ரிசீவருக்குள் சித்தி சிரிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நாங்கள் விட்ட பெருமூச்சுக்கு அன்று மின்விசிறியே தேவைப்படவில்லை.

கை வைத்ததால்தான் வண்டி வந்தது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "அவரு நல்லா ஓட்டுனாரு. ஏசப்பா கூட இருந்தாரு" என்றதோடு சரி. ஆனால், கலங்கி அழைக்கும் எந்த வீட்டாரிடமும் "லைன்லயே இருக்கோம்" என்று சொல்வது அன்று முதல் இவ்வறையின் வழக்கமாயிற்று. ஒரு மூச்சு ஜெபம் இவ்வளவு பேர் வாயில் வளர்ந்து நிற்கிறது.

நீண்ட ஆயுளும், நிமிர்ந்த முதுகும், மணியடிக்காத மதியத் தூக்கமும் இறைவன் உங்களுக்கு அருள்வாராக.

பின்குறிப்பாக ஒரு சிறு தகவல். நேற்று உங்கள் நாற்காலியில் இளையவன் முதன்முறையாக அமர்ந்தான். வண்டி ஒன்று வாசலைத் தாண்டியது. அறையில் வேறு யாருமில்லை. விழா முடிந்து போகும்போது சன்னலைப் பாருங்கள்: கண்ணாடியில் உங்கள் கைத்தடத்துக்குச் சற்று மேலே இன்னொன்று இருக்கிறது. யாருடையது என விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

என்றும் லைனில் இருக்கும்,
கட்டுப்பாட்டு அறை, பணிமனை மற்றும் ஓட்டுநர் குழுவினர்