97-பி என்ற புயல் சின்னத்தை இரண்டு நாள் அழிக்காமல் வைத்திருந்தது

பெயர்: த. கார்த்திகேசன். வயது: 41. தகப்பனார்: தட்சிணாமூர்த்தி, காலமானார். தொழில்: பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ். முகவரி: மீன் ஏலக்கூடம் எதிரில், கோரையாங்குப்பம், கடலூர். வாக்குமூலம் பதிவான நாள்: 14.12.2012 வெள்ளிக்கிழமை, காலை 11 மணி.

நான் மேற்படி முகவரியில் கீழே கடையும் மேலே வீடுமாகத் தனியே வசித்து வருகிறேன். எனக்குத் திருமணமாகியுள்ளது. என் மனைவி பவானி, சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. 2008 ஜூன் மாதம் அந்த வேலை கிடைத்ததும் அங்கேயே தன் தம்பி தில்லைநாதன் வீட்டில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை தோறும் இங்கே வந்து போய்க்கொண்டிருந்தார். 13.09.2008 சனிக்கிழமை காலை போன் செய்து, "இன்னைக்கு வரட்டுமா?" என்று கேட்டார். நான் "உன் இஷ்டம்" என்றேன். மரியாதையாகப் பேசுவதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அதன் பிறகு அவர் வரவில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் பேச யாராவது வந்திருப்பார்கள். இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இது இல்லாமல் வழக்கு இல்லை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் வந்தது. கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாக டிவியில் சொன்ன அன்று மாலை பவானி போன் செய்தார். மாடித் தொட்டியின் மூடியைக் கட்டினேனா, கம்ப்யூட்டர்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்தேனா என்று கேட்டார். சாப்பிட்டேனா என்று கடைசியில் கேட்டார். நான்கு நிமிடம் பேசினார். குப்பம் முழுவதும் முழங்கால் தண்ணீரில் நின்ற அந்த வாரத்தில், நான் சந்தோஷமாக இருந்ததாக அக்கம்பக்கத்தார் சொன்னால் அது உண்மை.

அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் போன் வரவில்லை. நான் தினமும் காலையில் கடை திறந்ததும் இணையத்தில் வங்காள விரிகுடாவைப் பார்க்கத் தொடங்கினேன். அப்படிப் பார்த்துத் தெரிந்துகொண்டது என்னவென்றால், கடலில் ஏதாவது ஓர் இடத்தில் மேகம் கூடிச் சந்தேகத்துக்கிடமாகச் சுற்றினால், அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். எண்கள் தொண்ணூறில் தொடங்கித் தொண்ணூற்றொன்பதில் முடியும், மறுபடியும் தொண்ணூறுக்கே வரும். வங்காள விரிகுடா என்றால் பின்னால் பி போடுவார்கள், அரபிக்கடல் என்றால் ஏ. அது வலுத்துத் தாழ்வு மண்டலமானால் நமது வானிலைத் துறை அந்த ஆண்டின் வரிசைப்படி தன் எண்ணைக் கொடுக்கும். காற்று மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். பெயர்களை எட்டு நாடுகள் கூடி முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. பெரும்பாலானவை அதுவரை போவதில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் எண்ணைத் தளத்திலிருந்து எடுத்திருப்பார்கள். காரணம் சொல்வதோ வருத்தம் தெரிவிப்பதோ அங்கே வழக்கமில்லை.

இதைப் பார்த்துவிட்டு மீனவர்கள், ஏலக்கூடத்துச் சுவரில் இருக்கும் கரும்பலகையில் எண், இடம், காற்றின் வேகம் மூன்றையும் தினமும் எழுதச் சொன்னார்கள். 2009 முதல் எழுதி வந்தேன். அவர்கள் என்னை நம்பினார்கள். நான் எதற்காகப் பார்க்கிறேன் என்று அவர்கள் கேட்டதில்லை.

அதன் பிறகு 2010 நவம்பரில் ஜல் புயலின்போது பவானி போன் செய்தார். அது சென்னைப் பக்கம் திரும்பிவிட்டதால் இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டார். 30.12.2011 அன்று தானே புயல் கடலூருக்கே நேராக வந்தது. எனக்குத் தெரிந்து இவ்வளவு கிட்டத்தில் எதுவும் வந்ததில்லை. ஆனால் செல்போன் கோபுரம் சாய்ந்து, கரண்டும் போய், ஆறு நாள் எந்தப் போனும் வேலை செய்யவில்லை. நான்காம் நாள் தில்லைநாதன் மரங்களைச் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து மெழுகுவர்த்தியும் பிரெட்டும் கொடுத்தார். "அக்கா ரெண்டு நாளா ஒங்க நம்பரையே போட்டுக்கிட்டு இருந்துச்சி மாமா. வெரலு வீங்கிப்போச்சி" என்றார். அக்காவையும் அழைத்து வந்திருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கூரை போன வீடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அதைக் கேட்பது முறையாகப் படவில்லை.

அதன் பிறகு இந்த வருடம் அக்டோபர் கடைசியில் நீலம் புயல் வந்தது. ஆரம்பத்திலிருந்தே சென்னைப் பக்கம் என்று டிவியில் சொல்லிவிட்டதால் போன் வரவில்லை.

10.12.2012 திங்கட்கிழமை காலை, இலங்கைக்குக் கிழக்கே 97-பி என்ற எண் தளத்தில் தெரிந்தது. பலகையில் எழுதினேன். மறுநாள் செவ்வாய் மாலை பார்த்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். டஸ்டரை எடுத்துக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் போனேன். அங்கே மீன் விற்கும் இருசம்மாள் கூடை கழுவிக்கொண்டிருந்தார். அவர் வாரத்தில் நான்கு நாள் காலையில் சிதம்பரம் போய், பவானி குடியிருக்கும் தெருவிலும் மீன் விற்பவர். அவர் என்னிடம், "இன்னா தம்பி, இது நம்ம பக்கம்தான் வருதா?" என்று கேட்டார். நான் "வருது" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியும். அவர் எந்தத் தெருவுக்குப் போகிறவர் என்பதும் தெரியும். டஸ்டரோடு திரும்பி வந்துவிட்டேன்.

12.12.2012 புதன் காலை 97-பியைக் கரைக்கு நூறு கிலோமீட்டர் கிட்டத்தில் நகர்த்தி எழுதினேன். குப்பத்துத் தலைவரான நாட்டார் கோவிந்தசாமி பலகையைப் படித்துவிட்டு, "பேரு வெச்சாச்சாய்யா?" என்றார். இன்னும் வைக்கவில்லை என்றேன். "பேரே வெக்காத பொயலுக்கு நான் எதுக்குப் போட்ட மேல ஏத்தணும்? கொயந்த பொறக்கட்டும், அப்புறம் காது குத்தலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இருசம்மாள் மட்டும், "சிரிங்கடா. போன வருசம் தானேக்கும் இப்பிடித்தான் சிரிச்சீங்க. எங் கூரை இன்னும் வரல" என்றார். துறைமுகத்தில் கூண்டு ஏற்றவில்லையே என்று ஒருவர் கேட்டார். மேலிடத்து உத்தரவு வந்திருக்காது என்று சொன்னேன். அது எப்போதும் நம்பத்தக்க பதில்.

அன்று முழுவதும் போன் வரவில்லை. எண்ணுக்கு அவர் போன் செய்ததில்லை, பெயருக்குத்தான் செய்திருக்கிறார் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. எனவே 13.12.2012 வியாழன் காலை ஆறு மணிக்குப் பட்டியலில் அடுத்ததாக இருந்த மகாசேன் என்ற பெயரைப் பலகையில் எழுதினேன். அந்தப் பெயரைக் கொடுத்தது இலங்கை. அதைச் சூட்டும் அதிகாரம் வானிலைத் துறைக்கு மட்டுமே உண்டு என்பது எனக்குத் தெரியும். வானம் அப்போது நல்ல நீலமாக இருந்தது. புயலுக்கு முன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அதன் பிறகு போட்டுகளைக் கரையேற்றிக் கட்டினார்கள். நூற்று நாற்பது குடும்பங்கள் பாயும் அடுப்புமாக மேட்டுத் தெருப் பள்ளிக்குப் போய்விட்டன. அங்கே அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தேர்வு நின்றுபோனதால் மாணவர்கள் மட்டும் இந்தப் புயலைப் பற்றிப் புகார் எதுவும் கூறவில்லை. தலைமை ஆசிரியர் வருவாய்த் துறைக்குப் போன் செய்து எந்தப் புயல் என்று கேட்டதாகவும், அவர்கள் எங்களையே கேட்கிறீர்களா என்று கேட்டதாகவும் பிறகு அறிந்தேன்.

பகல் 12.40 மணிக்கு பவானி போன் செய்தார். இருசம்மாள் காலையிலேயே சிதம்பரம் போய், இன்று மீன் இல்லை, பலகையில் புயல் எழுதியிருக்கிறது, கைக்குழந்தையோடு ஜனம் பள்ளிக்குப் போகிறது என்று வீடு வீடாகச் சொன்னது பவானியின் பள்ளிவரை போயிருக்கிறது. பவானி தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. "என்னாங்க, 97-பியதான் செவ்வாக்கெழமையே எடுத்துட்டாங்களே. நீங்க ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"ஸ்கூல் கம்ப்யூட்டர்ல தெனம் பாக்குறேன்."

"எப்பலேர்ந்து?"

"நிஷா வந்துட்டுப் போனதுலேர்ந்து. போன மாசம் ஒண்ணு ஒங்க பக்கம் வர்ற மாதிரி இருந்துச்சி. ரெண்டே நாள்ல எடுத்துட்டாங்க. எனக்கு அன்னைக்கு வகுப்பே ஓடல."

நானும் அதைப் பார்த்தேன் என்றேன். அது 94-பி. நான்கு வருடமாக ஒரே பக்கத்தை இரண்டு ஊரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை, நான் அப்போதுதான் அறிந்தேன் என்று பதிவு செய்ய வேண்டுகிறேன்.

அதன் பிறகு அவர், "பள்ளிக்கூடத்துல கைக்கொழந்தைங்கள வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காங்களாமே. போய் அழிச்சிட்டு, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். அழித்தால் நீ போனை வைத்துவிடுவாய் என்றேன். "வெக்கல. கையில வெச்சிக்கிட்டே போங்க" என்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டே ஏலக்கூடத்துக்குப் போய் பலகையை முழுவதும் துடைத்தேன். பிறகு பள்ளிக்குப் போய் வராந்தாவில் நின்று, புயல் இல்லை, செவ்வாய்க்கிழமையிலிருந்தே இல்லை, நான் வேண்டுமென்றே எழுதினேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கோவிந்தசாமி என் சட்டையைப் பிடித்தார். "போன வருசத்துச் சாவு மறக்கல, அதுக்குள்ள வெளையாட்டாடா ஒனக்கு?" என்றார். அந்த இழுபறியில் போன் கீழே விழுந்து உடைந்தது. பவானி அப்போது ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது என்ன என்பது எனக்குத் தெரியாது. அதன் பிறகு காவலர்கள் வந்து என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள்.

என்னை யாரும் தூண்டவில்லை. இதில் எனக்கு ஆதாயம் உண்டா என்று கேட்கப்பட்டது. உண்டு. அது மேலே எழுதப்பட்டுள்ளது. மீனவர்கள் கடலுக்குப் போகாத நேற்று, இன்று இரண்டு நாளுக்கும் நானே பொறுப்பு. தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். இனி அந்தப் பலகையில் வேறு யாராவது எழுதுவதே முறை.

இன்று காலை, ஜாமீனுக்கு உறவினர் யார் என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு பவானியின் எண்ணைக் கொடுத்தேன். அவர் பேசிவிட்டு, "ஒங்க சம்சாரம் பத்தே காலுக்கே பஸ் ஏறிட்டாங்களாம்யா, நான் போன் பண்றதுக்கு முன்னாடியே" என்றார். அதன் பிறகு, குற்றத்தை ஒப்புக்கொண்டதாலும் ஓடிப்போகிற ஆளாகத் தெரியாததாலும் என்னைச் சொந்த ஜாமீனில் இப்போதே விடுவதாகவும், வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். பவானி வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகும்வரை என்னை நிலையத்திலேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிரிவு எதுவும் இல்லை என்றார். ஆனாலும் பெஞ்சைக் காட்டினார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியது இது. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இதில் நான் சொல்லாதது எதுவும் இல்லை, சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) த. கார்த்திகேசன்