தாழ்ப்பாள் ஆடிய மேட்ச்

— ...பந்தையும் விட்டுட்டான், ஆளையும் விட்டுட்டான். அவன் பாட்டுக்கு நடந்து போய் கோல் போஸ்ட் பக்கத்துல நின்னுக்கிட்டான் நம்ம டீம் ஒட்டடைக்குச்சி. "போச்சு மச்சான், எல்லாம் போச்சு"ன்னு உன்கிட்ட சொல்லி வாயை மூடலை...

— பந்து அவனைத் தேடி வந்து நெத்தியில மோதி வெளியில போச்சு. அதுதானே மாமா?

— அதேதான்! அவன் வளர்த்திக்கு எந்தப் பந்தா இருந்தாலும் குனிஞ்சுதான் முட்டணும். அன்னைக்கு மட்டும்... இரு... இருமல் வருது...

— போதும், தண்ணி குடிங்க. இருமி இருமி ஸ்டியரிங் மேலயே விழப் போறீங்க. காலையில ஆஸ்பத்திரியில போய்ப் படுக்க வேண்டிய மனுஷன், டிப்போவுல வந்து வண்டியில உக்காந்து பந்தாட்டக் கதை பேசறார். டேய் தம்பி, உன்னை எதுக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்? உங்க மாமாவுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுன்னா, நீயும் சேர்ந்து ஒத்து ஊதறே.

— இரு அக்கா. லைன்லயே இரு.

— இது உன் புகார் ஆபீஸ் இல்லடா. குழாயில தண்ணி வரலைன்னு நான் போன் பண்ணலை.

— அவனை ஏன் கடிக்கறே? தையல் மெஷின்ல உக்கார வேண்டிய நேரத்துல உனக்குத்தான் இங்க என்ன வேலை? அந்த ஜன்னலை மூடு, பைப்பை இந்தப் பக்கம் திருப்பறாங்க. வண்டியைக் கழுவி முடிச்சதும் நான் டிரிப் எடுக்கணும்.

— எடுப்பீங்க, எடுப்பீங்க. டாக்டரம்மா சாயங்காலம் வரைக்கும்தான் கட்டிலை வச்சிருப்பேன்னு சொல்லியிருக்காங்க. குரல்வளையை எடுத்தா பேச்சுதான் போகும், எடுக்கலைன்னா ஆளே போயிடும்னு சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்கடா. அதுக்கு இவர் "யோசிச்சு சொல்றேன்"னார். வீட்டுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்னு கேட்ட மாதிரி!

— பஸ் ஓட்டறதுக்குப் பேச்சு எதுக்கு மாமா? ஹாரன் இருக்கே.

— கிண்டல் பண்ணாதே மச்சான். பஸ்ஸுக்காக இல்ல.

— பின்னே?

— விடு.

— ஏன், அவன்கிட்டயே சொல்லுங்களேன். நேத்து ராத்திரி என்கிட்ட சொன்னீங்கல்ல? டேய், எல்லாம் உனக்காகத்தான். "நான் பேசலைன்னா மச்சானுக்கு மேட்ச் ஏது?"ங்கறார். கட்டின பொண்டாட்டி எதிர்ல நிக்கறேன், என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

— என்னைச் சாக்கா வைக்காதீங்க மாமா.

— சாக்கு இல்லடா. காய்ச்சல்ல உனக்குக் கண்ணு போனதுக்கப்புறம் முதல்தடவையா ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா? வர மாட்டேன்னு கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டே. குண்டுக்கட்டா தூக்கிட்டுப் போனேன்.

— நீங்க "கோல், கோல்"னு என் காதுல கத்தினீங்க. எனக்கு எரிச்சலா வந்துச்சு.

— "கோல் விழுந்தா ஊரே கத்துது, அதைச் சொல்ல நீங்க எதுக்கு? கோல் விழாம போச்சே, அது எப்படின்னு சொல்லுங்க"ன்னே. அன்னைக்குத்தான் மச்சான், நம்ம டீமுல கோலைத் தடுக்கறதுக்குப் பின்வரிசைன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் எல்லாரையும் மாதிரி நானும் பந்து போற பக்கமே பார்த்துட்டிருந்தவன்.

— அப்போ பின்வரிசைக்கு வந்தவர்தான் நாம மேஸ்திரின்னு பேர் வச்ச ஆளு.

— மேஸ்திரி! ஓடவே மாட்டான்யா. நின்ன இடத்துலேர்ந்து கையைக் காட்டிக்கிட்டே இருப்பான். நீ இங்க வா, நீ அங்க போ, ரிவர்ஸ் எடுக்கற வண்டிக்குக் கண்டக்டர் சொல்ற மாதிரி. மேட்ச் முடிஞ்சப்போ அவன் சட்டையில மண்ணே இல்லைன்னு உன்கிட்ட சொன்னேன்.

— வீட்டுல துவைக்கற வேலை மிச்சம்னு நான் சொன்னேன்.

— அந்த மேஸ்திரியும் ஒட்டடைக்குச்சியும் எனக்குச் சோறு போட்டாங்களா? மேட்ச் முடிஞ்சு வந்து ரெண்டு பேரும் விடிய விடிய இதே பேச்சு. சரி, யாருதான் கோல் போட்டாங்கன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் தெரியாது!

— அது பேப்பர்லயே வரும் அக்கா.

— உனக்குப் புரியாதும்மா. பின்வரிசைக்காரன் ஒழுங்கா தடுத்தா யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு தடவை கோட்டை விட்டா ஊருக்கே தெரியும். என் பொழப்பும் அதுதான். இன்னைக்கு நல்லபடியா கொண்டு வந்து சேர்த்தியேப்பான்னு சொல்லிட்டு எவனாவது பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கானா?

— நான் சொல்றேன். இத்தனை வருஷம் என்னை நல்லபடியாத்தான் கொண்டு வந்தீங்க. பாதி வழியில இறக்கி விட்டுடாதீங்க. உங்க குரல் இல்லாம நான் இருந்துக்குவேன். நீங்க இல்லாம எனக்கு இருக்கத் தெரியாதுங்க.

— ஏய், அழாதே. யாராவது வந்துடப் போறாங்க.

— மாமா, எனக்குத் தாழ்ப்பாளைப் பத்திச் சொல்லுங்க.

— கோலையே பூட்டிடறான்னு நாம பேர் வச்சவன், அவனைப் பத்தி உனக்குத் தெரியாததா?

— அந்த மழை மேட்ச். உங்க குரல்லயே இன்னொரு தடவை கேட்டுக்கறேன்.

— அது வேணாம் மச்சான். வேற ஏதாவது சொல்றேனே.

— எனக்கு அதுதான் வேணும்.

— சரி, கேளு. மழைன்னா அப்படி ஒரு மழை. மைதானத்துல கோடே தெரியலை. நம்ம கோல்கீப்பர் வழுக்கி விழுந்தவன் எந்திரிக்கலை. அவங்க ஆள் தனியா வர்றான், எதிர்ல காலி கோல். பந்தை மெதுவா உருட்டி விட்டான். தாழ்ப்பாள் எங்கேயோ நடு மைதானத்துல நிக்கறான், சட்டையை உள்ள விட்டுக்கிட்டு, ஸ்கூலுக்குப் போற புள்ள மாதிரி. அங்கேர்ந்து பிடிச்சான் பாரு ஓட்டம்! கடைசியில ஓட இடம் இல்லாம தண்ணியிலயே சறுக்கிக்கிட்டு வந்தான். பந்து கோட்டைத் தாண்டப் போகுது மச்சான், கால் மட்டும் உள்ள வந்துச்சு. யாரையும் தொடலை, இடிக்கலை. பந்து மட்டும் வெளியில போச்சு. எந்திரிச்சான், முதல் வேலையா சட்டையை மறுபடி உள்ள விட்டுக்கிட்டான்.

— நான் உங்க தோள்ல சாஞ்சு அழுதேன்.

— ஆமா. என் சட்டை மழையில நனைஞ்சதா, உன்னால நனைஞ்சதான்னே தெரியலை.

— மாமா, அந்த மேட்ச்ல தாழ்ப்பாள் ஆடலை.

— என்னடா உளர்றே? இத்தனை வருஷமா நம்ம வீட்டுல அந்த ஒரு கதைதானே ஓடுது?

— அந்த சீசனே அவன் நம்ம கிளப்ல இல்ல அக்கா. அதுக்கு முன்னாடியே வேற கிளப்புக்குப் போயிட்டான். எங்க ஆபீஸ்ல பக்கத்து மேஜைக்காரர் நாள் பூரா ரேடியோ கேப்பார். புகார் வராத நேரத்துல நானும் கேப்பேன்.

— உனக்கு... உனக்குத் தெரியுமா மச்சான்?

— அந்த சீசனோட முதல் மேட்சுக்கு முன்னாடியே தெரியும். அன்னைக்கு நீங்க, "தாழ்ப்பாள் இறங்கறான்"னீங்க. சரி, பார்க்கலாம்னு இருந்தேன். நாம உக்காந்த வரிசை முழுக்க ஒருத்தர் மறுத்துப் பேசலை. சோடா விக்கறவர் வேற, "தாழ்ப்பாளே, விடாதே"ன்னு தொண்டை கிழியக் கத்தினார்.

— அந்த ஆளு கொஞ்சம் ஓவராத்தான் பண்ணான். காட்டிக் கொடுத்துடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சி வச்சிருந்தேன்டா. தாழ்ப்பாள் போயிட்டான்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? அப்பத்தான் நீ கொஞ்சம் சிரிக்க ஆரம்பிச்சிருந்தே. அவன் பேச்சை எடுத்தாத்தான் சாப்பிடவே உக்காருவே. அடுத்த மேட்சுக்குச் சொல்லிக்கலாம், அடுத்த மேட்சுக்குச் சொல்லிக்கலாம்னு தள்ளிப் போட்டேன். அவன் பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருந்தான்.

— அப்போ மழையில அந்தப் பந்தைத் தடுத்தது யாருங்க?

— யாரோ புதுசா வந்தவன்மா. பேர்கூட மறந்துபோச்சு. பாவம், சட்டையை வெளியிலதான் விட்டிருந்தான்.

— நான் அழுதது அந்தப் பந்துக்காகன்னா நினைச்சீங்க மாமா?

— நீ ஏன்டா ஒரு வார்த்தை கேக்கலை?

— கேட்டா நிறுத்திடுவீங்களோன்னு பயம். இப்பவும் பயமாத்தான் இருக்கு, ஆனா மேட்சுக்காக இல்ல. நீங்க செத்துப் போயிடுவீங்களோன்னு பயமா இருக்கு.

— சரிடா, நான் பொழைச்சே வந்துட்டேன்னு வச்சுக்கோ. பக்கத்துல மரமாட்டம் வாயைத் திறக்காம உக்காந்திருப்பேன். அதுல உனக்கு என்ன மேட்ச் இருக்கு?

— ஆடாத ஆளையே ஒரு சீசன் முழுக்கப் பார்த்தவன் மாமா நான். நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க, மிச்சத்தை நான் கேட்டுக்கறேன்.