வாசல் வரைக்கும்தான் வைஃபை

– இன்னாக்கா, நாலாவது வாட்டி வந்து பூட்டு போட்டுகினு கீறேன். மூணு வாட்டியும் அது வேற விலாசத்துல வந்து நிக்குதுன்னா நான் இன்னாதான் பண்றது?

– அத நீதான் சொல்லணும் ஜெபா. கோவளத்துல பாதி வூட்டுக்கு நெட்டு குடுக்கறவன் நீ. என் பதிமூணு வயசுப் பொண்ணு அன்பரசி போன்ல ஒரே ஒரு பக்கத்த நிறுத்தத் தெரியலன்னா, அந்த லேப்டாப்ப எதுக்குத் தூக்கிகினு அலையற? மீன் வெட்டற பலகையாவாவது ஆவட்டும், குடு.

– கோச்சுக்காத ஹெலன் அக்கா. போன வாரம் நீ இன்னா சொன்ன? "கடல்னு எது வந்தாலும் தடுத்துடு"ன்ன. தடுத்தேன். உன் வைஃபைய ஓசில போட்டுகினு கீறானே பக்கத்து வூட்டு திருவேங்கடம், அவன் காத்து எச்சரிக்க பாக்க முடியலன்னு என் சட்டையப் புடிச்சிட்டான். அந்தப் பாழாப்போன பக்கம் மட்டும் ஜம்முனு தொறக்குது. அதுக்குப் பேரே கெடையாது, வெறும் நம்பரு. நாம ஒரு நம்பரத் தடுத்தா மறு நிமிசம் வேற நம்பரு. பேஜாரு புடிச்ச பக்கம்.

– இன்னிக்கி எத்தினி நேரம் பாத்து கீறா?

– இரு, வைஃபை பொட்டியில எழுதியிருக்கும். காத்தால ஆறுக்குத் தொறந்தது... மணி நாலரை ஆவுது... அக்கா, நடுவுல மூடவே இல்ல.

– ஏசப்பா! அப்போ நான் வெச்ச நாஸ்தாவ நாய்க்குத்தான் போட்டிருப்பா. எலும்பும் தோலுமா ஆயிட்டா ஜெபா. பரீட்ச பேப்பர வெறும் வெள்ளையாக் குடுத்துட்டு வந்தான்னு டீச்சரம்மா கூப்ட்டு சொல்லுது. கூப்ட்டா ஏன்னு கேக்கறதில்ல. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்தி. அவர அந்தக் கடலு எடுத்துகிச்சு. இவள இந்த போனு எடுத்துகினு போயிடும் போல கீதுடா.

– போனப் புடுங்கி பீரோல வெய்யேன்.

– வெச்சேன். மூணு நாளு பச்சத் தண்ணி பல்லுல படல. பாடமெல்லாம் வேற அதுலதான் அனுப்பறாங்க. சிம்முக்கு டப்பு போடறத மட்டும் நிறுத்திட்டேன். இப்போ அவளுக்கு இந்த வைஃபைய வுட்டா வேற வழி இல்ல.

– அது போதும். எல்லாம் இந்தப் பொட்டி வழியாதான் போயாவணும். இந்த வாட்டி தலகீழாப் பண்றேன் பாரு. எதத் தடுக்கறதுன்னு கெடையாது, எத வுடறதுன்னு மட்டும் எழுதி வெச்சிடறேன். ஸ்கூலு, வாட்ஸ்அப்பு, ஜெபப் பாட்டு. மீதி ஒலகமே அவ போனுக்கு மூடிக்கும். டென்ஷன் ஆவாத, பத்து நிமிசம். அது சரி, அப்படி அதுல இன்னாதான் கீது? வெறும் கடலுதானே?

– கடலுதான். அல வருது, போவுது. பாட்டு இல்ல, பேச்சு இல்ல. ஒரே ஒரு வாட்டி எட்டிப் பாத்தேன், அதோட சரி. ரெண்டு வருசமா நான் கடல் பக்கம் மூஞ்ச வெக்கறதே இல்ல, உனுக்குத் தெரியாதா? "இன்னாடி பாக்கற"ன்னு கேட்டா, "அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும், அவரு என்னப் பாக்கட்டும்னு காத்துகினு கீறேன்"ங்கறா.

– ஏசுபாதம் மாமாகிட்டயா? இன்னா சொல்லணுமாம்?

– "நான் கூப்புடல"ன்னு சொல்லணுமாம்.

– எனக்குப் புரியலக்கா.

– எல்லாம் என் வாயால வந்த வெனை. கடலுக்குப் போறவங்களப் பின்னால கூப்புடக் கூடாதுன்னு நம்ம கரையில கைக்கொழந்தைக்கும் தெரியும். அன்னிக்கி சாயங்காலம் அவரு படகத் தள்றப்போ பின்னால ஒரு கொரலு கேட்டுச்சாம். "போவாத, நில்லு"ன்னு. அவரு திரும்பிப் பாத்துட்டு, அப்பால போனாராம். ஆராயி அங்க வலைக்கு சிக்கெடுத்துகினு இருந்தா, அவ காதாலயே கேட்டா. நான் இங்க கொழம்பு வெச்சிகினு இருந்தேன். கரையில ஆராயிய வுட்டா அன்பரசி மட்டும்தான்.

– பாப்பாதான் கூப்ட்டாளா?

– இல்லன்னு மாதா மேல ஆணையா சொன்னா. நான் நம்பல. ஆளு இல்லாம படகு மட்டும் ஒடைஞ்சி ஒதுங்கின அன்னிக்கி, அத்தினி ஜனத்துக்கு எதிர அவ கன்னத்துல அறைஞ்சேன். "நீ கூப்ட்டுத்தான்டி உங்கப்பன் போய்ச் சேந்தாரு"ன்னு கத்தினேன். பெத்த வாயி ஜெபா! அந்த வார்த்தைய இன்னிக்கி வரைக்கும் நான் திருப்பி வாங்கல.

– அழுவாதக்கா. கோவத்துல சொல்றதுதான். இதோ பாரு, முடிஞ்சிருச்சு. வைஃபைல இப்போ மூணு போன் கீது. உன்னுது, பாப்பாது, திருவேங்கடத்துது. பாப்பா போனு மட்டும் பூட்டுக்குள்ள. அவ எங்க?

– பின்னால ரூம்புல. கதவச் சாத்திகினு கீறா.

– சத்தமே இல்ல. சரி, அந்தப் பக்கம் இன்னும் உசுரோட கீதான்னு என் போன்ல ஒருக்காப் பாத்துக்கறேன். என்னுது சிம் டேட்டா, உன் வைஃபையில சேரல, அந்தப் பூட்டு இதுக்கு ஒட்டாது... வருது. ஆமா, கடலு. நானும் இப்பத்தான் இதப் பாக்கறேன்... அக்கா.

– இன்னா?

– இது நம்ம கரைக்கா.

– போடா. எல்லாக் கரையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

– இல்லக்கா. சவுக்குத் தோப்பு நிக்குது. ரிசார்ட்டுக்காரன் தோப்ப வெட்டி நீலச் செவுரு வெச்சி ஒரு வருசம் தாண்டிடுச்சு. இதுல தோப்பு காத்துல ஆடிகினு கீது. மாமாவோட ஃபைபர் படகும் கீது, மூக்குல மஞ்ச பெயின்ட்டோட. அத மூணு துண்டா கோயில் பின்னால போட்டு வெச்சிருக்கோமே, இதுல முழுசா கீது.

– யாராச்சும் அப்போ புடிச்ச வீடியோவா இருக்கும்.

– இருக்கும், இருக்கும். படகுகிட்ட ஒரு ஆளு முதுகக் காட்டிகினு நிக்கறாரு. அந்தத் தோளு... அக்கா, நீ பாக்காத.

– குடு இப்படி.

– சொன்னாக் கேளுக்கா!

– அவருதான். அந்தச் சட்டைய அன்னிக்கி காத்தால நான்தான் தொவச்சிப் போட்டேன். மூடு ஜெபா! மூடித் தொல!

– மூடிட்டேன், மூடிட்டேன். இனிமே இந்த வூட்டுல யாரு கண்ணுலயும் அது படாது... இன்னா இது? லிஸ்ட்ல ரெண்டு போன்தான் கீது.

– எது போச்சு?

– பாப்பாது. பூட்டு போட்டு ரெண்டு நிமிசத்துல போயிருக்கு.

– ஆஃப் பண்ணிட்டு அழுதுகினு இருப்பா. அன்பு! ஏ அன்பு! கதவத் தொறடி... ஜெபா, ரூம்பு காலி! பின்கதவு தொறந்து கெடக்குது!

– தப்புப் பண்ணிட்டோம்க்கா. இந்தப் பொட்டி வாசல் வரைக்கும்தான் எட்டும். போன்ல அப்பாவப் பாக்க முடியலன்னா, புள்ள நேராப் போயிப் பாக்கலாம்னு...

– கரைக்குத்தான் போயிருக்கா! நான் ஓடறேன். நீ இங்கயே இரு, அவ வந்தாப் புடிச்சி வெய்யி. எனக்குப் போனு போடு, லைன்லயே இரு!

– அலோ, அக்கா? கேக்குதா? எங்க கீற?

– ரிசார்ட்டு செவுருகிட்ட. யாருமே இல்ல ஜெபா! படகு இல்ல, ஆளு இல்ல, ஒரு காக்கா கூட இல்ல. அவ செருப்பு மட்டும் செவுத்து ஓரமாக் கெடக்குது. காலடி செவுரு வரைக்கும் போவுது. அப்பால காணோம்.

– செவுருக்குள்ள எப்படிக்கா போவும்? இரு, உன்ன ஸ்பீக்கர்ல போட்டுட்டு அந்தப் பக்கத்தத் திருப்பித் தொறக்கறேன்.

– இப்போ எதுக்குடா அந்தச் சனியன்?

– பாப்பா இதுல கீறா.

– எதுல?

– இந்தப் பக்கத்துல. அன்பரசி தோப்புலருந்து வெறுங்காலோட எறங்கி வரா. மாமாவப் பாத்து நடந்துகினு கீறா.

– இங்க தோப்பே இல்லடா! நான் செவுத்தக் கையால தொட்டுகினு நிக்கறேன்!

– மாமா படகத் தள்றாரு. அவ தண்ணியில எறங்கிட்டா. இடுப்பு வரைக்கும் தண்ணி. படகு விளிம்பப் புடிச்சிட்டா, ஏறப் போறா. அக்கா, எதனா பண்ணு!

– கண்ணுக்கே தெரியாதவள நான் எப்படிடா புடிப்பேன்?

– கூப்புடு!

– கடலுக்குப் போறப்போ பின்னால கூப்புட்டா...

– புள்ள போவுதுக்கா! கூப்புடு!

– போவாத! நில்லு! அய்யோ என் தாயே, போவாத! நில்லு!

– கேக்குதுக்கா! உன் கொரலு இந்தப் பக்கத்துக்குள்ள கேக்குது! வலைக்கு சிக்கெடுத்துகினு ஒரு பொம்பள உக்காந்து கீது, அது தலையத் தூக்கிப் பாக்குது. மாமா திரும்பிட்டாரு. நேரா உன் பக்கம் பாக்கறாரு. பாப்பா கைய எடுத்துட்டா, படகுலருந்து வெலகிட்டா. மாமா மட்டும் ஏறிட்டாரு... போச்சு. எல்லாம் கறுப்பாயிடுச்சு. அக்கா? அக்கா, லைன்ல கீறியா?

– அம்மா.

– அன்பு! ஏசப்பா, என் புள்ள! எங்கடி போன? இடுப்பு வரைக்கும் நனைஞ்சி கீதே. வா, வூட்டுக்கு வா. இனிமே ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்டி, வா.

– பக்கத்துலயே நின்னு கேட்டேம்மா. அன்னிக்கி அப்பாவப் பின்னால கூப்ட்ட கொரலு உன்னுது.