தாலி கட்டின கை

– குதிரை எப்பிடி மணவறைக்குள்ளை வந்தது, மலர்? நான் கேக்கிறது அவ்வளவுதான். எங்கடை கலியாண வீடியோக் கசற்றைப் போட்டால் ஐயர் வரோணும். தொப்பி போட்ட வெள்ளைக்காரன் குதிரையிலை வாறான்.

– நித்தியண்ணை, அக்காவைக் கேக்காதேங்கோ. சத்தியமாய் நான்தான் அமத்தினனான்.

– மூர்த்தி, நீ சும்மா இரு.

– இல்லையக்கா, சொல்லத்தானே வேணும். போன ஞாயிறு மூண்டு பேருமாய் இருந்து ரீவியிலை உந்தப் படம் பாத்தனாங்கள். என்னோடை கிளீனிங் செய்யிற பெடியளுக்கும் காட்டுவம் எண்டு, கையிலை கிடைச்ச கசற்றை டெக்குக்குள்ளை தள்ளி றெக்கோட்டை அமத்திப்போட்டன். சத்தியமாய் வெறுங்கசற் எண்டுதான் நினைச்சன்.

– இஞ்சேருங்கோ, அவன் பொய் சொல்லுறான். படம் துவங்கேக்கை அவன் குசினியிலை தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்டவன். நான்தான் டெக்கைத் துடைக்கேக்கை தெரியாமல் அமத்தினனான்.

– உள்ளை கிடந்த கலியாணக் கசற்றுக்கு மேலை, துடைக்கேக்கை. சரி. படம் முடியிற மட்டும் துடைச்சுக்கொண்டே இருந்தனீரோ?

– நக்கலடியாதேங்கோ.

– நக்கல் இல்லை. அந்தப் படத்திலையும் உதுதானே நடந்தது. ஒரு கொலை. கள்ளன், நான்தான் கொலை செய்தனான் எண்டு நெஞ்சை நிமித்துறான். செத்தவன்ரை பெண்சாதி, இல்லை நான்தான் எண்டு அழுகிறாள். டொச் பாசை விளங்காட்டிலும் எனக்கு அது நல்லாய் விளங்கினது. ஒரு குற்றத்தை நான் செய்தனான், நான் செய்தனான் எண்டு ரெண்டு பேர் அடிபட்டால், அவைக்குள்ளை வேறை ஏதோ இருக்கு.

– என்ன இருக்கு? வாயிலை வந்ததைச் சொல்லாதேங்கோ. சனிக்கிழமை புனிதவதியக்கா கொழும்புக்குப் போறா. அவவிட்டை அம்மாவுக்கு ஒரு கொப்பி குடுத்துவிடுவம் எண்டுதான் இண்டைக்கு இதை எடுத்தனான். மிச்சம் கிடக்கிறது பந்தியிலை ஆக்கள் சோறு தின்னுறது மட்டும். அதையோ அம்மாவுக்கு அனுப்புறது?

– உமக்குக் கவலை கசற்றிலையோ, மூர்த்தியிலையோ? நான் கேக்கிறது அவ்வளவுதான். அவன்ரை பழியை ஏன் நீர் தூக்கித் தலையிலை வைக்கிறீர்?

– அவனுக்கு இன்னும் அகதிக் கேஸ் முடியேல்லை. நீங்கள் கோவத்திலை வெளியிலை போ எண்டால், இந்தத் துன் ரவுணிலை ஆர் அவனுக்கு ஒரு றூம் குடுக்கிறது?

– எனக்காண்டிப் பொய் சொல்ல வேண்டாமக்கா. அண்ணை, அக்கா கைதவறி அமத்தியிருப்பா, நீங்கள் அவவைப் பேசப்போறியள் எண்டுதான் நான் முந்திக்கொண்டு சொன்னனான்.

– பார், மூர்த்தி. அவ உனக்காண்டி, நீ அவவுக்காண்டி. இந்த வீட்டிலை எனக்காண்டி ஆர்?

– இஞ்சேருங்கோ, அவன் என்னை அக்கா எண்டு கூப்பிடுறவன்.

– வாய் கூப்பிடுது. கண் என்ன சொல்லுது? கலியாணத்திலை கமெரா பிடிச்சது ஆர்? இவன். அதிலை ஆர் வருகினம்? நீர். கூறை உடுத்து வாறது நீர், குனியிறது நீர், சிரிக்கிறது நீர். தாலி கட்டேக்கை என்ரை கை வருது, கைக்குச் சொந்தக்காரன் வரேல்லை. என்ரை கலியாணத்திலை நான் ரெண்டு கை மட்டும்தான்.

– சத்தியமாய் அண்ணை, அது என்னெண்டால்...

– பொறு, மூர்த்தி. ஒரு ஆம்பிளை ஒரு பொம்பிளையை அவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் பாத்தால் அதுக்கு என்ன பேர்? ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கசற்றைப் போட்டுவிட்டு, நீ அவவைப் பாத்த பார்வையை நான் இருந்து பாக்கிறது. சொல்ல வெக்கமாய்க் கிடக்கு. வயிறு எரிஞ்சு போனன்.

– மூர்த்தி, அந்தக் கசற்றை இஞ்சாலை கொண்டா. இந்த ஓரத்திலை என்னவோ ஒட்டிக் கிடக்கு. என்ன இது?

– அட, இது எனக்கு மறந்தே போச்சு அக்கா. கலியாணத்தண்டே நான் அதிலை இருந்த பிளாஸ்ரிக் துண்டை முறிச்சு விட்டனான். முறிச்சால் பிறகு டெக் விடாது, ஒருத்தராலும் மேலை பதியேலாது. அந்த ஓட்டையை மூடி ஒட்டினால்தான் திரும்பப் பதியும்.

– அப்ப இது கைதவறி நடந்ததில்லை. ஆரோ இருந்து ஆறுதலாய் ஒட்டியிருக்கினம். நீ ஒட்டினியோ?

– சத்தியமாய் இல்லையக்கா.

– நானும் இல்லை. இப்பிடி ஒரு ஓட்டை இருக்கெண்டே எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். இது காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்டர். நீலப் பிளாஸ்டர். ஹோட்டல் குசினியிலை மரக்கறி வெட்டேக்கை உங்கடை விரல் வெட்டுப்பட்டால் சுத்தி விடுறதும் இதுதானே, இஞ்சேருங்கோ?

– ஹோட்டலிலை நான் மட்டுமோ வேலை செய்யிறன்?

– இந்த வீட்டிலை நீங்கள் மட்டும்தான். ஏன் ஜன்னலைப் பாக்கிறியள்? என்னைப் பாருங்கோ. அந்தப் படத்திலை பிறகு செத்தவன்ரை கதையும் வந்தது. தன்னைத் தானே குத்தினதாய் அவன் சாகமுன்னம் சொன்னான். நீங்களும் சொல்லுங்கோ.

– ஓம். நான்தான்.

– அண்ணை, அப்ப ஏன் எங்களை நிறுத்தி வைச்சு விசாரிச்சனீங்கள்?

– ஆர் ஆரைக் காப்பாத்திறியள் எண்டு பாக்கத்தான், மூர்த்தி. பாத்திட்டன்.

– அக்கா, நான் சொல்லட்டோ?

– வேண்டாம், நான் சொல்லுறன். கமெராவை என்ரை முகத்திலையே வைச்சிரு எண்டு இவனிட்டைச் சொன்னது நான். அம்மாவாலை ஊரிலையிருந்து வரேலாமல் போச்சு. தாலி ஏறேக்கை பிள்ளை அழுகிறாளோ, சிரிக்கிறாளோ எண்டு தான் பாக்கோணும் எண்டு கேட்டவ.

– இதை ஏன் மலர் எனக்குச் சொல்லேல்லை?

– நீங்கள் ஏன் கேக்கேல்லை? ஒவ்வொரு ஞாயிறும் கமெரா ஆரைப் பாக்குது எண்டுதான் பாத்தியள். நான் ஆரைப் பாத்துச் சிரிக்கிறன் எண்டு ஒருக்காலும் பாக்கேல்லை. கசற்றிலை வராமல் எனக்குப் பக்கத்திலை இருந்த உங்களைத்தான். நம்பாட்டில் போட்டுப் பாருங்கோ, குதிரை வரும்.