பட்டினியில் வாழும் செடி

எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் சாப்பிடாமல் திரும்பியதில்லை. இந்த ஜேர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் ஆட்கள் யாரையும் கேளுங்கள், ரகுநாதன் வீட்டுக் கதவைத் தட்டினால் சோறு உண்டு என்பார்கள். பிளோறன்ஸும் அப்படித்தான் வந்தாள். மன்னார்ப் பிள்ளை, இங்கே தாவரவியல் படித்தவள். எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

அலுவலகம் என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். ஒருவர் பண்ணை கட்ட அனுமதி கேட்டால், அங்கே சேரும் எச்சத்திலிருந்து கிளம்பும் நைதரசன் சத்து பக்கத்திலுள்ள பாதுகாக்கப்பட்ட இயற்கையில் படிந்து என்ன செய்யும் என்று ஆராய்ந்து சொல்வோம். 2006இல் பெரிய கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய காணிக்கு அருகே ஒரு சதுப்பு நிலம். அங்கே அழுகண்ணி இருப்பதாக பிளோறன்ஸ் குறித்துவிட்டாள். பூச்சி பிடித்துத் தின்னும் சின்னஞ்சிறு செடி. அது இருந்தால் பண்ணை இல்லை. பண்ணை இல்லாவிட்டால் எங்கள் அலுவலகமும் இல்லை. அந்த வருடம் வேறு வேலையே வரவில்லை.

"இதைக் கொஞ்சம் விட்டுவிடேலாதோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"இருக்கிறதை இல்லையெண்டு எழுத ஏலாது அண்ணை." பிறகு எனக்கு விளங்கட்டும் என்று சொன்னாள்: "அது பட்டினியிலை வாழுற செடி. சத்துக் கூடினால் புல்லு வளந்து மூடிப்போடும். பாவம், செத்துப்போகும்."

எனக்குக் கோபம் வரவில்லை. நேர்மையான பிள்ளையைப் பொய் எழுதச் சொன்னோமே என்று வெட்கமாக இருந்தது. அவள் பொய் எழுதத் தேவையே இல்லாதபடி செய்துவிட நினைத்தேன்.

சனிக்கிழமைகளில் அந்தச் சதுப்புக்கு யூரியா உர மூட்டையோடு போனேன். ஊரில், சுன்னாகத்தில் வெங்காயத்துக்குப் பசளை எறிந்து பழகிய கை. எங்கும் சீராக விழுந்தது. நாய் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அடுத்த கோடையில் அதிகாரிகள் மறுபடி பார்க்கச் சொன்னார்கள். அவளோடு நானும் போனேன். முழங்காலுக்கு மேலே புல். ஈரத்தில் முழந்தாளிட்டு, விலக்கி விலக்கித் தேடினாள். அழுதாள். என் மனைவி கட்டித் தந்த புட்டைக் கொடுத்தேன், தொடவில்லை. இல்லாததை இல்லை என்றே எழுதினாள்.

அப்படியானால் முதலில் கண்டது என்ன என்று அதிகாரிகள் கேட்டார்கள். அவள் காட்டிய படங்களை எந்தச் சதுப்பிலும் எடுத்திருக்கலாம் என்றார்கள். என்னிடமும் விசாரித்தார்கள். இளம் பிள்ளை, ஆர்வம் அதிகம் என்று மட்டும் சொன்னேன். இரண்டும் உண்மை.

அவளுடைய வேலை போனது. இந்தத் துறையில் வேறு யாரும் எடுக்கவில்லை. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் மேசை துடைக்கிறாளாம். பலகாரம் அனுப்பினோம், பொதி பிரிக்காமலே திரும்பி வந்தது. அது எனக்கு மிகவும் மனவருத்தம்.

அவள்தான் உங்களிடம் வந்து சொன்னாள் என்கிறீர்கள். சரி. பசளை போட்டது நான்தான். ஆனால் அவள் எழுதிய அறிக்கையில் ஒரு பொய் காட்டுங்கள் பார்ப்போம். அவளைக் கண்டால் கேளுங்கள், ஒரு அண்ணன் இதற்கு மேல் என்னதான் செய்ய முடியும் என்று.